நாகசாகி ஓவுரா தேவாலயம்: போக நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜப்பானின் தென்மேற்கே, கியூஷு தீவில், மலைகளுக்கு நடுவே நீளமாக உள்வாங்கிய கடலைச் சுற்றி இருக்கிறது நாகசாகி. அந்தத் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு மேட்டில் நிற்கிறது ஓவுரா தேவாலயம். ஜப்பானில் இன்று நிற்கும் தேவாலயங்களில் இதுதான் மிகப் பழையது. ஜப்பானுக்குப் போகிற நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், அவர்கள் கேட்க மறந்து பிறகு வருத்தப்பட்ட சில கேள்விகளையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய கோயில்கள் எத்தனையோ இருக்கின்றனவே, இதைப் பார்க்க ஏன் இவ்வளவு தூரம் போக வேண்டும்?

கட்டடத்தை மட்டும் பார்க்கப் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நம்மூர் வேளாங்கண்ணி, பூண்டி கோயில்களைப் பார்த்த கண்ணுக்கு இது சின்னக் கோயில். ஆனால் இங்கே ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நடந்த சந்திப்புக்கு இணையாகத் திருச்சபை வரலாற்றில் அதிகம் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொண்டு போங்கள். தெரியாமல் போகிறவர்கள் பத்து நிமிடத்தில் சுற்றிவிட்டு, பக்கத்தில் இருக்கும் கிளவர் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். அதனால் வழி, கட்டணம் எல்லாவற்றுக்கும் முன்பாக அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்படி என்ன நடந்தது?

1614-இல் ஜப்பான் அரசு நாடு முழுவதும் கிறிஸ்தவத்தைத் தடை செய்தது. குருக்களைத் துரத்தினார்கள், பிடிபட்டவர்களைக் கொன்றார்கள், கோயில்களை இடித்தார்கள். கடைசியாக மிஞ்சியிருந்த ஜப்பானியக் குருவான மான்சியோ கொனிஷி 1644-இல் கொல்லப்பட்டதோடு நாட்டில் ஒரு குருகூட இல்லை. நாடும் வெளியுலகத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டது. டச்சுக்காரர்களும் சீனர்களும் மட்டும் நாகசாகியில் கட்டுக்காவலோடு வியாபாரம் செய்யலாம் என்ற நிலை.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இப்படியே போனது. 1858-இல் மேலை நாடுகளோடு ஒப்பந்தங்கள் கையெழுத்தான பிறகு, துறைமுகங்களில் குடியேறிய வெளிநாட்டுக்காரர்கள் தங்களுக்கென்று கோயில் கட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. அனுமதி வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான். ஜப்பானியர்களுக்குத் தடை அப்படியே இருந்தது. பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த லூயி ஃப்யூரே, பெர்னார் பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குருக்கள் ஓவுரா மேட்டில் கோயில் எழுப்பினார்கள். 1864 கடைசியில் வேலை முடிந்து, 1865 பிப்ரவரி 19 அன்று அர்ச்சிப்பு நடந்தது. ஊர்க்காரர்கள் இதை ‘பிரெஞ்சுக் கோயில்’ என்று சொல்லி வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 17, வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டரை மணி இருக்கும். கோயில் வாசலில் பன்னிரண்டு, பதினைந்து பேர் நின்றார்கள். வெறும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டமாகப் பெத்திஜானுக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்து அவர்களை உள்ளே விட்டு, பீடத்தின் முன்னால் போய் முழந்தாளிட்டு ஜெபிக்க ஆரம்பித்தார். சிறிது நேரத்தில் மூன்று பெண்கள் அவருக்குப் பக்கத்தில் வந்து முழந்தாளிட்டார்கள். அதில் ஒருத்தி நெஞ்சில் கை வைத்து, சுவருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெல்லச் சொன்னாள்: “இங்கே இருக்கிற எங்கள் எல்லாருடைய நெஞ்சமும் உங்கள் நெஞ்சமும் ஒன்றே.”

எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவர் கேட்க, உரகாமி என்று பதில் வந்தது. உரகாமி அப்போது நாகசாகிக்கு வடக்கே இருந்த விவசாயக் கிராமம். அங்கே ஏறக்குறைய எல்லாருக்கும் இதே நெஞ்சம்தான் என்றார்கள். அப்புறம் அந்தப் பெண் கேட்டாள்: “சாந்தா மரியாவின் சொரூபம் எங்கே?” அந்தக் கேள்வியை அவள் கேட்ட ஜப்பானிய வார்த்தைகளிலேயே பெத்திஜான் தன் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். இசபெலினா யூரி சுகிமோதோ என்ற பெயரில் வரலாறு அவளை நினைவில் வைத்திருக்கிறது.

அவர் அவர்களைப் பக்கவாட்டுப் பீடத்துக்குக் கூட்டிப்போனார். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய மாதா சொரூபம், பிரான்ஸிலிருந்து வந்தது. பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை, இது சாந்தா மரியாதான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. அவர்கள் மாதாவோடு நிறுத்தவில்லை. ஆண்டவர் பிறந்த நாளைத் தாங்கள் கொண்டாடுவதைச் சொன்னார்கள். இப்போது துக்க காலம் நடக்கிறது, இன்றைக்குப் பதினேழாவது நாள் என்று சொன்னார்கள். துக்க காலம் என்றது நம் தவக்காலத்தை. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அந்த ஆண்டு மார்ச் 1. எண்ணிப் பாருங்கள், மார்ச் 17 சரியாகப் பதினேழாவது நாள்! இருநூறு ஆண்டுகளாகக் குரு கிடையாது, அச்சடித்த நாள்காட்டி கிடையாது, ரோமையிலிருந்து ஒரு சேதி கிடையாது. ஆனாலும் கணக்கு ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

குருவே இல்லாமல் அத்தனை தலைமுறை எப்படித் தாக்குப்பிடித்தார்கள்?

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். நாள்காட்டியைக் கணக்குப் பார்த்து எந்த நாள் என்ன திருநாள் என்று சொல்வது ஒருவர் பொறுப்பு. ஞானஸ்நானம் கொடுப்பது இன்னொருவர் பொறுப்பு, அவருக்கு ‘மிசுகதா’ என்று பெயர். மிசு என்றால் தண்ணீர். சேதியை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஆள். இந்தப் பொறுப்புகள் கைமாறிக் கைமாறி வந்தன. ஏழு தலைமுறை கழித்துக் கறுப்புக் கப்பலில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்கள் வருவார்கள் என்று, பாஸ்தியான் என்ற உபதேசியார் சாவதற்கு முன் சொல்லிவிட்டுப் போனதாக ஒரு நம்பிக்கை அவர்களிடம் இருந்தது.

வெளியே பார்த்தால் எல்லாரும் பௌத்தர்கள். வீட்டில் இருக்கும் கன்னோன் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தின் சிலை, அவர்கள் மனத்தில் மாதா. ஆண்டுதோறும் அதிகாரிகள் வந்து, இயேசுவோ மாதாவோ பொறித்த தகட்டைத் தரையில் வைத்து, ஒவ்வொருவரையும் அதன்மேல் கால் வைக்கச் சொல்வார்கள். வைக்காவிட்டால் சிறை, சித்திரவதை. பெரும்பாலோர் மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுது ஒரு ஜெபம் சொல்வார்கள். அதை ‘கொன்சிரிசான்’ என்றார்கள், போர்த்துக்கீசியச் சொல் அப்படித் திரிந்துவிட்டது. நம் வீடுகளில் ராத்திரி ஜெபத்தில் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரம் இருக்கிறதல்லவா, அதே வகை. பாவசங்கீர்த்தனம் செய்யக் குரு இல்லாதபோது, உண்மையான மனஸ்தாபத்தோடு இதைச் சொன்னால் மன்னிப்புக் கிடைக்கும் என்று, துரத்தப்படுவதற்கு முன் குருக்கள் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சின்ன வயதிலிருந்து அந்த மந்திரத்தை யோசிக்காமல் ஒப்பித்தவன் நான். இவர்கள் கதையைப் படித்த பிறகு ஒரு வரியைக்கூட அவசரமாகச் சொல்ல முடியவில்லை.

சவேரியார் இங்கே வந்தாரா? நம்மூருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நாகசாகி நகரத்துக்கு வரவில்லை, அவர் காலத்தில் அந்தத் துறைமுகமே திறக்கப்படவில்லை. அது போர்த்துக்கீசியக் கப்பல்களுக்குத் திறந்தது 1571-இல். சவேரியார் 1549 ஆகஸ்ட் 15 அன்று கியூஷுவின் தெற்கே ககோஷிமாவில் இறங்கினார். மறு ஆண்டு, இன்று நாகசாகி மாவட்டத்தில் இருக்கும் ஹிராதோவுக்கு வந்தார். அதற்கு முன்பு 1542 முதல் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு திரிந்தவர் அவர்தான் என்பது நமக்குத் தெரியும். தூத்துக்குடி, மணப்பாடு, கோட்டாறு ஆட்களுக்கு இந்தக் கோயில் அந்நியமாகத் தெரியாததற்கு அது ஒரு காரணம்.

சொற்களிலும் அந்த உறவைப் பார்க்கலாம். பழைய ஜப்பானியக் கிறிஸ்தவர்கள் சிலுவையைக் ‘குருசு’ என்றார்கள். நம் குருசடியில் இருப்பதும் அதே குருசுதான், இரண்டும் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல். அவர்களுடைய ‘பதேரென்’ நம் பாதிரியார். ஜப்பானில் ரொட்டிக்கு இன்றும் ‘பான்’ என்றுதான் பெயர், யாழ்ப்பாணத்தில் பாண் வாங்குகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இந்தக் கோயில் யாருக்கு அர்ப்பணிக்கப்பட்டதோ, அந்த 26 வேதசாட்சிகளில் ஒருவர் இந்தியாவில் பிறந்தவர். மும்பைக்குப் பக்கத்தில் வசாய் என்ற ஊரில் பிறந்த கொன்சாலோ கார்சியா. கோயிலைக் கட்டிய பாரிஸ் சபையும் நமக்குப் புதிதில்லை, பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து புதுச்சேரியில் வேலை செய்தது அதே சபைதான்.

அந்த 26 பேர் யார்?

1597 பிப்ரவரி 5 அன்று, ஆட்சியாளர் ஹிதேயோஷியின் ஆணைப்படி நாகசாகியின் நிஷிசாகா குன்றில் சிலுவையில் அறைந்து கொல்லப்பட்டவர்கள். வெளிநாட்டவர் ஆறு பேர், ஜப்பானியர் இருபது பேர். காதை அறுத்து, நடுக் குளிர்காலத்தில் கியோத்தோ பக்கத்திலிருந்து நாகசாகிவரை கூட்டிவந்தார்கள். லூயிஸ் இபாராகி என்ற சிறுவனுக்கு வயது 12. 1862-இல் இவர்களுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. ஓவுரா கோயிலின் முகப்பு அந்தக் குன்றைப் பார்த்து இருக்கிறது. வாசலில் நின்று திரும்பிப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறைந்திருந்தவர்கள் வெளியே வந்த பிறகாவது நிம்மதி கிடைத்ததா?

இல்லை. தடை இன்னும் நீங்கவில்லையே. 1867-இல் உரகாமி மக்களைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டு ஆட்சி மாறி மெய்ஜி அரசு வந்தும் கை தளரவில்லை. ஏறக்குறைய 3,400 பேரை, ஒரு கிராமத்தையே துடைத்தெடுத்ததுபோல, மேற்கு ஜப்பானின் பல ஊர்களுக்குப் பிரித்து நாடு கடத்தினார்கள். பசி, குளிர், சித்திரவதையில் 600-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மேலை நாடுகள் கண்டித்த பிறகு 1873-இல்தான் தடைப் பலகைகளை எடுத்தார்கள். மிஞ்சியவர்கள் அந்தப் பயணத்தை ‘தபி’ என்றார்கள். வெறும் ‘பயணம்’ என்று பொருள்.

திரும்பி வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களை ஆண்டுதோறும் சொரூபத்தை மிதிக்க வைத்த ஊர்த் தலைவரின் வீடு இருந்த இடத்தையே விலைக்கு வாங்கி, அங்கே கோயில் கட்டினார்கள். அதுதான் உரகாமி பேராலயம்.

அப்படியானால் அணுகுண்டில் அழிந்தது எந்தக் கோயில்?

இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. அழிந்தது உரகாமி. 1895-இல் தொடங்கி 1914-இல் கட்டி முடித்த செங்கல் கோயில் அது. 1945 ஆகஸ்ட் 9 காலை 11:02-க்குக் குண்டு வெடித்தபோது, மையத்திலிருந்து சுமார் அரை கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாளுக்காக உள்ளே பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. குருக்களும் உள்ளே இருந்த மக்களும் யாரும் மிஞ்சவில்லை. அந்தப் பங்கின் 12,000 பேரில் ஏறக்குறைய 8,500 பேர் செத்ததாகச் சொல்லப்படுகிறது.

ஓவுரா நகரத்தின் தெற்குப் பக்கம், நடுவே மலை மறைத்தது. கூரையும் கண்ணாடிச் சன்னல்களும் சேதமாயின, கட்டடம் நின்றது. பழுது பார்க்கும் வேலை 1952-இல்தான் முடிந்தது. 1933-இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டிருந்த கோயிலுக்கு, 1953-இல் புதிய சட்டத்தின்படி மறுபடி அந்தத் தகுதி கிடைத்தது. 2018-இல் நாகசாகிப் பகுதியின் மறைந்திருந்த கிறிஸ்தவர் தலங்கள் பன்னிரண்டையும் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது, ஓவுரா அதில் ஒன்று.

எப்படிப் போவது?

ஃபுகுவோகாவரை விமானத்தில் வந்து, ஹகாதா நிலையத்தில் ரயில் பிடிப்பது வசதி. முதலில் ‘ரிலே கமோமே’ ரயில், தகேயோ ஒன்சென் நிலையத்தில் எதிர் நடைமேடையில் நிற்கும் ஷின்கான்சென் அதிவேக ரயிலுக்கு மாறிக்கொள்ள வேண்டும். மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஷின்கான்சென் பாதை 2022 செப்டம்பரில் திறந்தது.

நாகசாகி நிலையத்துக்கு எதிரே ட்ராம் நிறுத்தம். 1-ஆம் எண் ட்ராமில் ஏறி ‘ஷின்ச்சி சைனாடவுன்’ நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கே இஷிபாஷி போகும் 5-ஆம் எண்ணுக்கு மாறி ‘ஓவுரா தென்ஷுதோ’ நிறுத்தத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. தென்ஷுதோ என்றால் கத்தோலிக்கக் கோயில். எவ்வளவு தூரம் போனாலும் ட்ராமில் ஒரே கட்டணம், இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்தில் கொடுக்க வேண்டும். பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்குவது வழக்கம், நம்மூர்ப் பழக்கத்தில் முன்னால் ஏறப்போய் முழிக்க வேண்டாம்.

நேரமும் கட்டணமும்?

காலை 8:30-க்குத் திறக்கிறார்கள். மூடும் நேரம் பருவத்துக்கு ஏற்ப மாலை ஐந்தரை, ஆறு என்று மாறும். பெரியவர்களுக்கு 1,000 யென், மாணவர்களுக்குக் குறைவு. பக்கத்தில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் அதே சீட்டு. போகும் முன் கோயிலின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், விசேஷப் பூசை நாட்களில் பார்வையாளர்களை நிறுத்திவைப்பதும் உண்டு.

கோயிலுக்குள் போகக் காசா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். நூற்றைம்பது வயதைத் தாண்டிய கட்டடத்தைப் புயலும் மழையும் அடிக்கும் ஊரில் நிறுத்திவைக்கப் பணம் வேண்டும். நான் இதைக் காணிக்கையாகத்தான் நினைக்கிறேன்.

உள்ளே எதை எதைப் பார்க்க வேண்டும்?

படியேறி வாசலுக்கு வந்ததும் முகப்பில் தங்க நிறத்தில் மூன்று சீன எழுத்துகள் தெரியும்: தென்-ஷு-தோ. வாசல் நடுவில் வெள்ளைச் சொரூபம், ‘ஜப்பானின் மாதா’. 1865 சந்திப்பைக் கேள்விப்பட்டு நெகிழ்ந்துபோன பிரான்ஸிலிருந்து அனுப்பி வைத்தது. பலரும் இதுதான் யூரி கேட்ட சொரூபம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது உள்ளே இருக்கிறது.

உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். கோதிக் பாணியில் வளைந்து வளைந்து மேலே கூடும் கூரை. கல் என்றுதான் தோன்றும், ஆனால் கல் இல்லை. மூங்கிலைப் பிளந்து, கட்டி, அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசியிருக்கிறார்கள். ஜப்பானிய வீட்டுச் சுவர் எழுப்பும் கைவேலை அது. குருக்கள் வரைந்து காட்டிய ஐரோப்பியக் கோயிலை, அமகுசாவைச் சேர்ந்த கொயாமா ஹிதெனோஷின் என்ற கட்டுமானத் தலைவரும் அவருடைய ஆட்களும் தங்களுக்குத் தெரிந்த பொருளில் கட்டிக்கொடுத்தார்கள். மேலே போட்டிருப்பதும் ஜப்பானிய ஓடுதான். இன்று பார்க்கும் வெளித்தோற்றம் 1879-இல் பெரிதாக்கிக் கட்டியது. உள்ளே நடுப்பகுதியில் முதல் கோயிலின் பாகங்கள் இருக்கின்றன.

பீடத்துக்குப் பின்னால் சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் கண்ணாடி ஓவியம். பழையது குண்டுவெடிப்பில் சேதமானதால் பிறகு புதிதாகச் செய்து வைத்தது.

இப்போது வலது பக்கம் திரும்புங்கள். அந்தச் சிறிய பீடத்தில் இருப்பதுதான் யூரி பார்த்த மாதா. பெரிய சொரூபம் இல்லை, விளக்கு அலங்காரமும் இல்லை, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். நான் போனது ஒரு வாரநாள் காலை, திறந்த உடனே. பெஞ்சில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வண்ணக் கண்ணாடி வழியாக விழுந்த வெயில் தரையில் சிவப்பும் நீலமுமாகக் கிடந்து, மெல்ல நகர்ந்து அந்தப் பீடத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஜப்பானியப் பாட்டி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார், உதடு மட்டும் அசைந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை, பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக உள்ளே வந்த பிறகுதான் எழுந்தேன்.

வெளியே வந்து அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். அது 1875-இல் கட்டிய குருமடம். தெ ரோ என்ற பிரெஞ்சுக் குரு வடிவமைத்தது. இந்த மனிதர் பிறகு சோத்தொமே என்ற ஏழைக் கடற்கரைக் கிராமத்துக்குப் போய், மக்களுக்கு நெசவும் நூடுல்ஸ் செய்யவும் கற்றுக்கொடுத்தார். அங்கே இன்றும் அவர் பெயரில் நூடுல்ஸ் விற்கிறார்கள்.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் போகலாமா?

தாராளமாக. வருகிறவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லாத ஜப்பானியர்கள்தான். தொப்பியைக் கழற்றுங்கள், குரலைத் தாழ்த்துங்கள், பீடத்துப் பக்கம் போகாதீர்கள். அவ்வளவுதான்.

பூசை காண முடியுமா?

பழைய கோயிலில் முக்கியமான சில நாட்களில் மட்டும்தான். வழக்கமான பூசை, மேட்டுக்குக் கீழே 1975-இல் கட்டிய ஓவுரா பங்குக் கோயிலில் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நேரம் வாசல் பலகையில் இருக்கும். பூசை ஜப்பானிய மொழியில்தான், ஆனால் எந்த இடத்தில் எழுந்து எந்த இடத்தில் முழந்தாளிடுவது என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

வயதானவர்களைக் கூட்டிப்போகலாமா?

யோசித்துச் செய்யுங்கள். ட்ராம் நிறுத்தத்திலிருந்து கடைத்தெரு ஏற்றம், அப்புறம் கோயில் முன்னால் கல்படிகள். மழை பெய்தால் வழுக்கும். முழங்கால் வலி இருப்பவர்கள் இன்னும் ஒரு நிறுத்தம் தள்ளி இஷிபாஷியில் இறங்கினால், மலைச்சரிவில் சாய்வாக ஏறும் மின்தூக்கி இருக்கிறது, இலவசம். அது கிளவர் தோட்டத்தின் மேல்வாசலுக்குக் கொண்டுபோய்விடும். தோட்டத்துக்குச் சீட்டு வாங்கி, பார்த்துக்கொண்டே இறங்கினால் கோயில் பக்கத்தில் வெளியே வரலாம். கோயிலின் சொந்தப் படிகளுக்கு என்ன வழி என்று சீட்டுக் கொடுக்கும் இடத்தில் கேளுங்கள், பொறுமையாகச் சொல்வார்கள்.

சாப்பாடு?

நாகசாகி ‘சாம்போன்’ நூடுல்ஸுக்குப் பேர்போன ஊர். அதைத் தொடங்கிவைத்ததாகச் சொல்லும் ஷிகைரோ உணவகம் கோயிலுக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. பன்றி இறைச்சியும் கடல் உணவும் கலந்தது, சைவர்களுக்கு ஆகாது. காய்கறி மட்டும் போடச் சொன்னாலும் சாறு இறைச்சியில்தான் இருக்கும். ஏற்றத்தில் வரிசையாக ‘கஸ்தெல்லா’ கடைகள், போர்த்துக்கீசியர் விட்டுப்போன கேக் அது, முட்டை உண்டு. சுத்த சைவம் என்றால் பழமும் ரொட்டியும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே நாளில் வேறு எங்கெல்லாம் போகலாம்?

காலையில் ஓவுரா. மதியம் ட்ராமில் வடக்கே உரகாமி. அங்கே 1959-இல் மறுபடி கட்டிய பேராலயம், வெளியே தலை உடைந்தும் கருகியும் நிற்கும் பழைய கற்சொரூபங்கள், உள்ளே இடிபாட்டிலிருந்து எடுத்த மரத்தாலான மாதாவின் தலை. அந்த மாதாவுக்குக் கண் இருந்த இடத்தில் இரண்டு குழிகள்தான் இருக்கின்றன. அதன் முன்னால் யாரும் பேசுவதில்லை. இரட்டைக் கோபுரத்தில் ஒரு மணி மட்டும் குண்டுவெடிப்பைத் தாண்டி மிஞ்சியது. அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் காசு சேர்த்து இன்னொன்றைச் செய்து கொடுத்து, 2025 ஆகஸ்ட் 9 அன்று இரண்டும் சேர்ந்து ஒலித்தன, எண்பது ஆண்டு கழித்து.

மாலையில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிஷிசாகா குன்று. 26 பேரின் வெண்கலச் சிலைகள் வரிசையாகச் சுவரில், பாதம் தரையில் பாவாமல் நிற்கும். ஓவுராவில் தொடங்கி இங்கே முடித்தால் கதை தலைகீழாகப் போகிறதே என்று தோன்றலாம். காலையில் ஓவுராவில் கூட்டம் இல்லாமல் இருப்பதால்தான் இந்த வரிசையைச் சொல்கிறேன்.

இன்னும் நாள் இருந்தால் கோத்தோ தீவுகள். கப்பலில் போக வேண்டும். அங்கே கிராமக் கோயில்கள் பலவற்றில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உலக மரபுப் பட்டியலில் இருக்கும் கோயில்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். அவை சுற்றுலாத் தலம் ஆவதற்கு முன்பே சிலருக்குப் பங்குக் கோயில்.

மறைந்திருந்தவர்கள் எல்லாரும் திருச்சபைக்குத் திரும்பிவிட்டார்களா?

எல்லாரும் இல்லை. முன்னோர் சொல்லிக்கொடுத்த முறையை விட மனமில்லாமல் அப்படியே இருந்துவிட்டவர்களும் உண்டு. ஹிராதோவுக்குப் பக்கத்தில் இகித்சுகி தீவில் ‘ஒராஷோ’ என்ற ஜெபங்களைப் பாட்டன் வழியில் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் இருக்கிறார்கள். ‘ஓ க்ளோரியோசா’ என்ற லத்தீன் மாதா பாட்டு அவர்கள் வாயில் ‘குருரியோசா’ ஆகியிருக்கிறது. பொருள் மறந்துபோன பிறகும் ராகத்தோடு காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆள் குறைந்துகொண்டே போகிறது.

எந்த மாதம் போவது நல்லது?

மார்ச் கடைசி முதல் மே நடுவரை, அல்லது அக்டோபர், நவம்பர். ஜூனிலும் ஜூலைத் தொடக்கத்திலும் விடாத மழை. ஆகஸ்டில் சென்னை வெயிலைப்போலப் புழுங்கும், ஆனால் ஆகஸ்ட் 9 நினைவு நாளுக்காகப் போகிறவர்கள் உண்டு. பக்தியோடு போகிறவர்களுக்கு மார்ச் 17.

படம் எடுக்கலாமா?

உள்ளே எடுக்கக் கூடாது, கைப்பேசியிலும்தான். வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் எல்லாரும் எடுக்கும் படிக்கட்டுப் படத்தோடு நிறுத்தாதீர்கள். கோயிலுக்குப் பக்கவாட்டில் ‘கினென்சாகா’ என்று ஒரு குறுகலான கல்பாதை மலைமேல் ஏறுகிறது. இருபக்கமும் பாசி படிந்த சுவர், பூனைகள் படுத்திருக்கும். கொஞ்சம் ஏறித் திரும்பினால் கோயிலின் ஓட்டுக்கூரையும் கோபுரமும் கண்மட்டத்துக்குக் கீழே தெரியும். பக்கத்தில் பௌத்தக் கோயிலின் கூரை. இரண்டுக்கும் பின்னால் துறைமுகம், கப்பல்கள்.